பாயும் படுக்கையும்

காசிமேட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டால், "அவர் விழுந்துவிட்டார்" என்றுதான் நமக்குச் செய்தி வருகிறது. "கை கால் விழுந்துவிட்டது" என்பதன் சுருக்கம் அது. ஆனால் சொல் சுருங்கும்போது பொருள் பெருகிவிடுகிறது. விழுந்தவை ஒரு கையும் ஒரு காலும். விழுந்ததாகச் சொல்லப்படுபவரோ முழு மனிதர். விசைப்படகில் ஏறி நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வந்தவர், ஏலக்களத்தில் குரல் ஓங்கி நின்றவர், அன்று முதல் வீட்டின் ஓரத்தில் பாயும் படுக்கையுமாகிறார். அவரைப் பற்றிய பேச்சும் அன்றே இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது. "நல்லா உழைச்ச மனுஷன், சாமி" என்று நம்மிடம் சொல்கிறார்கள், அவர் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதே.

இந்த இறந்தகாலப் பேச்சு காசிமேட்டில் பிறந்தது அன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. மருத்துவமும் திருச்சபையும் அவரவர் வழியில் வளர்த்த பேச்சு அது. பின்னர் இரண்டுமே ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் அதைத் திருத்திக்கொண்டன. நம் தெருக்களும் வீடுகளும்தாம் இன்னும் பழைய பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றன.

திருச்சபையின் பங்கை முதலில் சொல்லிவிடுவோம். நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருளடையாளத்தை நம் பாட்டன்மார் "அவஸ்தைப் பூசுதல்" என்றார்கள். அவஸ்தை என்பது இங்கே மரண அவஸ்தை. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொரு புலனிலும் எண்ணெய் பூசப்பட்டது. குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் வருவதைப் பார்த்தாலே அந்த வீட்டில் சாவு உறுதி என்று அக்கம்பக்கத்தார் அறிந்துகொள்வார்கள். பக்கவாதம் கண்டவருக்கு உடனே குருவை அழைப்பது பக்தியுள்ள குடும்பத்தின் கடமையாக இருந்தது. அவர் சாகாமல் பிழைத்துக்கொண்டாலோ, பயணச்சீட்டு வாங்கிவிட்டு வண்டிக்குக் காத்திருப்பவரைப் போல அவரை எல்லாரும் பார்த்தார்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் இந்த அருளடையாளத்துக்கு "நோயிற்பூசுதல்" என்னும் பெயரே மிகப் பொருத்தமானது என்றும், இது சாவின் விளிம்பில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் அறிவித்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் (நம் பழைய தலைமுறைக்கு அவர் ஆறாம் சின்னப்பர்) புதிய சடங்கு முறையைத் தந்தார். அதன்படி நெற்றியிலும் இரு கைகளிலும் மட்டுமே பூசுகிறோம். பக்கவாதக்காரரின் மடங்கிய விரல்களை மெல்ல விரித்து உள்ளங்கையில் எண்ணெயைத் தடவும்போது, இந்தக் கை இன்னும் எதற்கோ வேண்டியிருக்கிறது என்பதைச் சடங்கே சொல்லிவிடுகிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நாம் எண்ணெயோடு படியேறினால் வீட்டில் அழுகை கிளம்பத்தான் செய்கிறது.

மருத்துவத்தின் கதையும் இதைப் போன்றதே. கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயருக்கு "அடித்து வீழ்த்தப்படுதல்" என்று பொருள். ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்பதும் அடிதான். "வாதம் அடிச்சிடுச்சு" என்று நாமும் சொல்கிறோம். அடித்தது யார்? தெய்வமோ தீவினையோ என்று எல்லா நாட்டாரும் நினைத்திருந்த காலத்தில், 1658-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோஹான் யாக்கோபு வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்திருப்பதை எழுதிவைத்தார். அடி வெளியிலிருந்து விழவில்லை. குழாய் ஒன்று உள்ளேயே உடைந்திருந்தது. குழாய் அடைபட்டாலும் இதே விளைவுதான் என்பதும் தெளிவாயிற்று. மூளையின் ஒரு பாதி பாதிக்கப்பட்டால் உடலின் மறுபாதி செயலிழக்கும். ஆக, கையிலும் காலிலும் தசைகள் சாகவில்லை. அவற்றுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. நம் மக்களுக்கு முதலில் விளக்க வேண்டியது இதுவே. புறா இரத்தத்தைக் காலில் தடவுவதாலோ, வலுவிழந்த கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதாலோ அறுந்த கட்டளை வந்து சேராது. அப்படி இழுப்பதால் தோள்மூட்டு நழுவி, வலியும் சேர்ந்துகொள்ளும்.

காரணம் தெரிந்த பின்னும் சிகிச்சை என்னவோ படுக்கையாகவே இருந்தது. 1863-இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஹில்டன் ஓய்வையும் வலியையும் பற்றி எழுதிய நூல், ஓய்வே உடலைக் குணமாக்கும் பெருமருந்து என்ற எண்ணத்தை மருத்துவரிடையே வேரூன்றச் செய்தது. உடைந்த எலும்புக்கு ஓய்வு நல்லதே. ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பவருக்குப் புண் வரும், சளி கட்டும், மூட்டு இறுகும், காலில் இரத்தம் உறையும். இவற்றையெல்லாம் நோயின் கணக்கில் எழுதினார்களேயன்றிப் படுக்கையின் கணக்கில் எழுதவில்லை. படுக்கையே ஆபத்தாகும் என்று ரிச்சர்டு ஆஷர் என்ற மருத்துவர் பிரித்தானிய மருத்துவ இதழில் துணிந்து எழுதியது 1947-இல்தான்.

இந்த வகையில் நம் சித்தமருத்துவர்கள் ஒருபடி முன்னே இருந்தார்கள் என்று சொன்னால் அது வெறும் பெருமைப் பேச்சாகாது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைத் தொக்கணம் அவர்கள் மரபில் உண்டு. நோயாளியின் உடலைத் தொட்டு அசைக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. ஆனால் தொக்கணத்தில் அசைப்பவர் வைத்தியர், நோயாளி அசைக்கப்படுகிறார். தாமே அசைய முயலும் நோயாளிக்கு மூளை செய்து தருவது வேறு. அதைக் கண்டறிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே ஒருவர் தம் வாழ்க்கையால் அதைக் காட்டிவிட்டார். லூயி பாஸ்டர் 1868 அக்டோபர் 19 அன்று பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். வயது 45. இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. அட்டைகளை விட்டு இரத்தம் எடுத்ததே அந்நாளைய மருத்துவம். பாஸ்டர் பிழைக்கமாட்டார் என்று எண்ணி, அவருக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஆய்வுக்கூடத்தின் வேலையைக்கூட நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருப்பவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதில் பாரிசும் காசிமேடும் ஒன்றுதான்! மூன்று மாதம் கழிந்ததும் 1869 ஜனவரியில் அவர், பட்டுப்புழு நோயை ஆராயத் தென்பிரான்சுக்குப் பயணமானார். இடக்கையின் விறைப்பும் கால் இழுப்பும் கடைசிவரை நீங்கவில்லை. தம் கையால் செய்ய முடியாத சோதனைகளை உதவியாளர்களின் கைகளால் செய்தார். வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு 1885 ஜூலை 6 அன்று முதல் தடுப்பூசி போடப்பட்டபோது, பாஸ்டர் "விழுந்து" ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. முழுக்குணம் வேறு, எழுந்து வேலைக்குப் போவது வேறு. முன்னது வாய்க்காமலே பின்னது வாய்க்கலாம்.

அமெரிக்காவில் ஷெப்பர்டு ஐவரி ஃபிரான்ஸ் என்ற உளவியலாளர் 1915-இல், பல ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் கிடந்தவர்களுக்கும் பயிற்சியால் அசைவு திரும்பக்கூடும் என்று எழுதினார். 1917-இல் அவரும் ராபர்ட் ஆக்டனும் குரங்குகளிடம் இதைச் சோதித்தனர். மூளை பாதிக்கப்பட்ட குரங்கைச் சும்மா விட்டால் கை திரும்பவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்து, செயலிழந்த கையைப் பயன்படுத்தக் கட்டாயப்படுத்தினால் சில வாரங்களில் அது திரும்பியது. இதை மருத்துவ உலகம் கேட்டுவிட்டு மறந்துவிட்டது. வளர்ந்தவரின் மூளை ஒருமுறை பழுதானால் பழுதானதுதான் என்ற கோட்பாடு அவ்வளவு வலுவாக இருந்தது.

போர்க்காலம்தான் படுக்கையிலிருந்த பலரை எழுப்பியது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களை விரைந்து நடமாட வைக்க வேண்டிய தேவை எழுந்தது. அமெரிக்க விமானப்படை மருத்துவமனைகளில் பணியாற்றிய ஹோவர்டு ரஸ்க், போருக்குப் பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே ஒரு நிலையத்தை உருவாக்கினார். அங்கே பயில நம் வேலூரிலிருந்து ஒரு பெண்மணி சென்றார். சக்கர நாற்காலியில் சென்றார் என்பதே செய்தி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். உட்கார்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யலாம் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பால் பிராண்டு அவருக்கு ஊக்கமளித்தார். அதையும் செய்தார், பின்பு நியூயார்க்கில் பயின்று திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை வேலூரில் நடத்தினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் இத்துறைக்குத் தொடக்கம் இட்டவர்களுள், நோயாளியாக இருந்து மருத்துவராக எழுந்த ஒருவர் முன்நிற்கிறார் என்பது சிறிய செய்தியன்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார்.

நமக்கு அருகிலும் ஒன்று உண்டு. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை வேராகக் கொண்டு வளர்ந்ததால் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று வடசென்னை மக்கள் அழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனை. தொழிற்சாலை இயந்திரங்களில் சிக்கிய கைகள் அங்கே வந்துகொண்டே இருந்தன. 1970களில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவைசிகிச்சைத் துறை உலகப் புகழ் பெற்றது. கையைத் தைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது, மீதிப் பாதி பயிற்சியில் இருக்கிறது என்பதை அந்தத் துறையில் சிகிச்சை பெற்ற தொழிலாளர் பலர் அறிவார்கள். இயந்திரம் நசுக்கிய கைக்குக் கிடைத்த இந்தப் புரிதல், பக்கவாதத்தில் விழுந்த கைக்கு நம் வீடுகளில் இன்னும் கிடைக்கவில்லை.

தமிழகம் முழுவதும் கண்ணாரக் கண்ட பக்கவாதம் ஒன்றே ஒன்று. 'படகோட்டி'யிலும் (1964) 'மீனவ நண்பன்' படத்திலும் (1977) தங்களுள் ஒருவராக நின்றவரை நம் கடற்கரை மக்கள் மறக்கவில்லை. 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டடி பட்டு எம்.ஜி.ஆரின் குரல் மாறியது. அந்த மாறிய குரலோடே மேலும் பத்தாண்டுகள் நடித்தார். 1984 அக்டோபரில் முதலமைச்சராக இருக்கையில் சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் தாக்கியது. சென்னை அப்பல்லோவிலிருந்து நவம்பரில் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் நடந்த தேர்தலில் ஆண்டிபட்டித் தொகுதிக்கு வராமலே வென்றார். 1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பி, 10 அன்று மீண்டும் முதல்வராகப் பொறுப்பேற்றார். பேச்சுத் தெளிவு முன்போல் திரும்பவில்லை. ஆனாலும் 1987 டிசம்பர் 24 அன்று இறக்கும்வரை ஆட்சியில் இருந்தார்.

இந்தக் கதையை இன்றும் மக்கள் நம்மிடம் சொல்கிறார்கள். கோயிலிலும் மசூதியிலும் மாதாகோயிலிலும் நடந்த வேண்டுதல்கள், வந்து நின்ற விமானம், மாற்றப்பட்ட சிறுநீரகம், வாக்காளருக்குக் காட்டப்பட்ட மருத்துவமனைப் படக்காட்சிகள் எல்லாம் கதையில் இருக்கின்றன. அங்கே அவர் ஒவ்வொரு நாளும் கையை எத்தனை முறை உயர்த்தினார், எந்த எழுத்தைச் சொல்ல எத்தனை நாள் திணறினார் என்பது மட்டும் கதையில் இல்லை. அற்புதத்தை நினைவில் வைக்கும் மக்கள், அதற்குள் இருந்த உழைப்பை விட்டுவிட்டார்கள். அதனால்தான், "அவருக்கு அமெரிக்கா இருந்தது, நமக்கு என்ன இருக்கிறது?" என்று நோயாளிகள் கேட்கிறார்கள். விமானமும் அறுவைசிகிச்சையும் பணம் இருந்தால்தான் கிடைக்கும் என்பது உண்மையே. பயிற்சியின் பெரும்பகுதிக்கு அவ்வளவு செலவில்லை.

ஏறத்தாழ அதே வயதில் விழுந்த வேறொருவரின் கதை இதை விளக்கும். நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியராகவும் கவிஞராகவும் இருந்த பேத்ரோ பாக்கி-ரீத்தா 1950களின் இறுதியில் தம் அறுபதுகளில் பக்கவாதத்துக்கு ஆளானார். நடக்கவும் பேசவும் இயலவில்லை. சில வாரப் பயிற்சிக்குப் பின், இனிப் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தம்மோடு அழைத்துச் சென்றார். மறுவாழ்வு மருத்துவம் எதுவும் அவருக்குத் தெரியாது. குழந்தை முதலில் தவழ்கிறது, பிறகு நடக்கிறது. அப்பாவும் அப்படியே கற்கட்டும் என்று, சுவரோரம் சாய்ந்தபடி அவரைத் தவழவிட்டார். வீட்டுக்கு வெளியிலும் தவழச் செய்தபோது, பேராசிரியரை நாயைப் போல ஊரவைக்கிறாயே என்று அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். கோலிக்குண்டு உருட்டுவதும் பானை கழுவுவதும் கைக்குப் பயிற்சியாயின. சில ஆண்டுகளில் அவர் மீண்டும் கல்லூரியில் முழுநேரம் கற்பித்தார். எழுபதைக் கடந்த வயதில் கொலம்பியா நாட்டில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், பக்கவாதத்தால் ஏற்பட்ட மூளைச்சேதம் பெரிய அளவில் அப்படியே இருந்தது தெரியவந்தது. சேதம் ஆறவில்லை, சேதமற்ற பகுதிகள் வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. மூத்த மகன் பால், மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றலை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அந்த அக்கம்பக்கத்தாரை நாம் அறிவோம். அவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். பக்கவாதம் கண்ட தந்தை சோற்றில் கைவைத்துத் திணறும்போது, மகள் ஓடிவந்து ஊட்டுகிறாள். "நைனாவை இப்படிக் கஷ்டப்பட விடலாமா?" என்பாள். அன்பு என்றுதான் எல்லாரும் சொல்வோம். எட்வர்டு டாப் என்ற ஆராய்ச்சியாளர் வேறுவிதமாகச் சொன்னார். செயலிழந்த கையைத் தொடக்கத்தில் அசைத்துப் பார்த்துத் தோற்கும் நோயாளி, அதைப் பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொள்கிறார். பிறகு ஆற்றல் சிறிது திரும்பினாலும், கற்ற பாடத்தால் கையை ஒதுக்கியே வைக்கிறார் என்பது அவர் முடிவு. நல்ல கைக்கு உறை மாட்டி, வலுவிழந்த கையையே நாளெல்லாம் பயன்படுத்தச் செய்யும் முறையை அவர் உருவாக்கினார். விரலில் ஓரளவு அசைவு மீந்திருந்த 222 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2006-இல் வெளிவந்தது, அம்முறை பயனளித்தது. ஃபிரான்ஸ் குரங்குகளிடம் கண்டது 89 ஆண்டுகள் கழித்து மனிதருக்கு வந்து சேர்ந்தது. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். திரும்பும்போது அவர்கள் சுமக்கவில்லை. அவரே தம் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனார். சுமப்பதற்கும் விடுவதற்கும் நேரம் தெரிந்த நண்பர்கள் அவர்கள்.

ஆயினும் குடும்பத்தின் அன்பும் உறுதியும் இருந்தால் போதும் என்று நாம் முடித்துவிட முடியாது. நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு வீட்டில் பயிற்சி தரும் முறையைக் கற்பித்தார்கள். மறுபிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2017-இல் வெளிவந்த முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆறு மாதத்துக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்ந்தவர்களும் இரு பிரிவிலும் ஏறத்தாழ 47 விழுக்காடு. ஜார்ஜ் போன்ற மகனின் கதை உண்மை. அதை எல்லா வீட்டுக்கும் விதியாக்க முடியாது. பயிற்சிக்குப் பயின்றவர் வேண்டும். அளவும் வேண்டும். பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி அடிக்கடி நீண்டநேரம் நடமாட வைத்தால் பயன் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2015-இல் காட்டியது. ஹில்டனின் நீண்ட ஓய்வும் தவறு, பதற்றமான அவசரமும் தவறு. எப்போது உட்காரவைப்பது, எப்போது நிற்கவைப்பது என்பதை அறிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் பகுதியின் இடர் தெரிகிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பிய பின், வாரம் மூன்று நாள் ஆட்டோவுக்குக் கொடுத்துப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல யாரால் முடியும்? கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் நகரின் மறுகோடியில் இருக்கிறது. வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கோ மின்தூக்கி கிடையாது. கைப்பிடியில்லாத, இருட்டிய படிக்கட்டுதான். நடக்கத் தெரிந்தும் இறங்க அஞ்சி ஆண்டுக்கணக்கில் அறைக்குள் இருப்போரை நற்கருணை எடுத்துச் செல்லும் நாளில் நாம் பார்க்கிறோம். காலில் வலு இருக்கும். மீண்டும் விழுவோமோ என்ற அச்சம்தான் தடுக்கும். வாயோரம் எச்சில் வழிவதைப் பிறர் பார்ப்பார்களே என்று திருப்பலிக்கு வர மறுப்பவரும் உண்டு. தன்னம்பிக்கை என்று மேடையில் பேசுவது எளிது. இவர்களுக்குத் தன்னம்பிக்கை என்பது படிக்கட்டில் ஒரு கைப்பிடிக் கம்பி, கழிவறைச் சுவரில் ஒரு பிடி, கூட இறங்க ஓர் ஆள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் அடங்கும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கிக்கொள்ளத் தெரிந்த நம் குடும்பங்களில் பல, இந்தப் பகுதியைக் கேட்டு வாங்கத் தெரியாமல் இருக்கின்றன. அன்பியக் கூட்டங்களில் இதைச் சொல்லலாம். நோயாளிகளைச் சந்திக்கும் மரியாயின் சேனையினர் செபமாலையோடு, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தாயிற்றா என்றும் கேட்கலாம்.

மீன்பிடித் துறைமுகத்தில் நிழல் விழும் பக்கமாக முதியவர்கள் அமர்ந்து கிழிந்த வலையைச் சீராக்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் ஒருவர் இடப்பக்கம் விழுந்து இரண்டாண்டு ஆனவர். வலக்கையில் வலை ஊசி. இடக்கையால் கண்ணியைப் பிடித்து இழுத்துக்கொடுக்க வேண்டும். அது பலமுறை நழுவுகிறது. பக்கத்தில் இருப்பவர் உதவிக்குக் கை நீட்டினால், "சும்மா இருப்பா" என்கிறார். ஒரு கண்ணிக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார். வலைக்காரர் அவருக்கு அரைக்கூலி தருகிறார். அதில் வீட்டுக்குப் போகும் வழியில் வெற்றிலை வாங்கிக்கொள்கிறார்.